நீலக் கவுனின் ஐந்து முடிச்சுகள்

என் விரல் நுனி பட்டால் போதும், ஐந்தும் அவிழ்ந்துவிடும். அது எனக்கு எப்போதோ தெரியும் என்பதுதான் இவனுக்குத் தெரியாது.

கெசையா இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கொழுந்தன் எலிஹு அவள் வீட்டுக் கணப்புக்கு முன்னால் நின்று காலைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தான். அவன் உடம்பில் அவளுடைய நீலக் கம்பளிக் கவுன் இருந்தது. பதின்மூன்று வருடங்களாக அது அங்கேதான் இருந்தது. அதை அணிந்துகொண்டே அவன் மாவு மில்லை நடத்தினான், இரண்டு மகன்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தான், தாடியில் நரை வாங்கினான். நியூ ஜெர்சியில் ஆல்டன்மில் ஊரார் அவனைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ராரிட்டன் நதியில் வசந்தத்தில் ஷாட் மீன் ஏறிவரும், அக்டோபரில் ஆப்பிள் பிழிவார்கள், எலிஹு கவுனில் வருவான். அந்த ஊரில் இவை எல்லாம் ஒரே மாதிரிச் செய்திகள்.

அந்தக் கவுனை அவள் 1797இல் தைத்தாள், ஓட்டுப் போடப் போவதற்கென்றே. அதற்கு இருபது வருடம் முன்பு, ஆங்கிலேய அரசனை உதறிய சூட்டோடு, அந்த மாநிலத்து ஆண்கள் அவசர அவசரமாக ஒரு சட்டம் எழுதினார்கள். ஐம்பது பவுண்டு பெறுமானமுள்ள சொத்தும் ஒரு வருடக் குடியிருப்பும் இருக்கிற எல்லாரும் ஓட்டுப் போடலாம் என்று அதில் இருந்தது. எல்லாரும் என்றால் யார் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் உள்ள பெண்ணுக்குச் சொத்து கிடையாது, அவள் போட்டிருக்கும் செருப்புகூட அவனுடையதுதான். ஆகவே கல்யாணமாகாதவர்களும் விதவைகளும் போட்டார்கள், சொந்தமாகக் காணி வைத்திருந்த கறுப்பர்களும் போட்டார்கள். கெசையாவின் புருஷன் அசரியா 1795இல் நிமோனியாவில் போனபோது ஆப்பிள் தோட்டத்தையும் வீட்டையும் அவள் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போனான். அவன் நல்லவன். இருந்தாலும் அவன் செத்த பிறகுதான் அந்த ஊரில் தனக்கு ஒரு பெயர் உண்டானது என்ற நினைப்பு அவளுக்குள் சிறிய முள்ளாகக் கிடந்தது. சத்திரத்தில் ஓட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தோய்த்து 'கெசையா பென்னிங்டன்' என்று முதல் முறை எழுதியபோது, அசரியாவுக்குத் துரோகம் செய்வதுபோல அவளுக்கு மகிழ்ச்சி பொங்கியது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அழுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

பீப்பாய் செய்கிற ஓபெட் மூன்று வருடம் கழித்து அவளைக் கேட்டு வந்தான். அமைதியான மனிதன். அவன் கையில் எப்போதும் ஓக் மரச் சீவலின் வாசனை இருக்கும், அவளுக்கு அது பிடிக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அவள் சுட்ட ஆப்பிள் பணியாரத்தைத் தின்றுவிட்டு, அதிகம் பேசாமல் போனான். அவனைக் கட்டிக்கொண்டால் தோட்டம் அவன் பெயருக்குப் போகும், எழுத்தரின் ஏட்டிலிருந்து அவள் பெயர் போகும். அவள் எட்டு நாள் யோசித்தாள். ஒன்பதாம் நாள் அவனிடம் முடியாது என்றாள். ஏன் என்று அவன் கேட்டான். ஓட்டு என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. ஓபெட் நதிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான். அதன்பின் ஒவ்வொரு தேர்தலுக்கும் அவள் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு சத்திரத்துக்குப் போகும்போது, தான் எதை விற்று இதை வாங்கினோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் ஒருமுறைகூட விளையாட்டாக ஓட்டுப் போட்டதில்லை.

1807 பிப்ரவரியில் கவுண்டிக்கு, அதாவது அந்த மாவட்டத்துக்கு, புது நீதிமன்றம் கட்டுவது என்று முடிவானது. ஆல்டன்மில்லில் கட்டுவதா, ஆறு மைல் தள்ளி இருந்த வெஸ்ட்ஹோவில் கட்டுவதா என்று மூன்று நாள் ஓட்டெடுப்பு. நீதிமன்றம் எங்கே வருகிறதோ அங்கேதான் வக்கீல்கள் தங்குவார்கள், குதிரைகள் நிற்கும், சாராயம் ஓடும். இரண்டு ஊரும் பைத்தியம் பிடித்து அலைந்தன. வண்டி வண்டியாக ஆட்கள் ஓட்டப்பட்டார்கள். பத்து வயதுப் பையன்கள் மீசை வரைந்துகொண்டு வந்தார்கள். செத்துப்போனவர்கள் காலையில் ஒரு முறையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறையும் போட்டார்கள். முதல் நாள் விடிந்ததும் எலிஹு பின்வாசல் வழியாக அண்ணி வீட்டுக்குள் வந்தான். முகத்தை மழமழவென்று மழித்திருந்தான்.

"அண்ணி, உங்க நீலக் கவுன் கொஞ்சம் வேணும்."

"எதுக்கு?"

"சத்திரத்துல பசங்க ஒரு கூத்து போடுறாங்க. சாயங்காலமே துவைச்சுக் குடுத்துர்றேன். ஒரு கவுனுக்கு இவ்ளோ யோசனையா?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவனால் முதுகுப் பக்கத்து நாடாக்களை எட்டிக் கட்ட முடியவில்லை. அவளே திரும்பி நிற்கச் சொல்லி ஐந்து நாடாவையும் கட்டிவிட்டாள், ஆப்பிள் மூட்டைகளுக்குப் போடும் அதே இரட்டைச் சுற்று முடிச்சு. அவன் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நடந்து காட்டியபோது சிரிக்கவும் செய்தாள். கூத்து இல்லை என்று அப்போதே தெரியுமா? பின்னாளில் இந்தக் கேள்வியை அவள் பலமுறை தன்னிடம் கேட்டிருக்கிறாள். பாதி தெரியும் என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். நீதிமன்றம் நம் ஊருக்கு வந்தால் நல்லதுதானே என்று மீதிப் பாதி வாயை மூடிக்கொண்டது.

அவள் வேறு கவுன் போட்டுக்கொண்டு மதியம் சத்திரத்துக்குப் போனபோது எழுத்தர் ஏட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயர் காலையிலேயே எழுதப்பட்டிருந்தது. நீங்கள்தான் வந்து போட்டுவிட்டீர்களே அம்மா, அந்த நீலக் கவுனில், கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது என்றார் அவர், மரியாதையாகவே. எலிஹு அந்த மூன்று நாளில் ஆறு விதவைகளாக ஆறு ஊரில் ஓட்டுப் போட்டிருந்தான், முதல் விதவை அவள். அன்று சாயங்காலம் இல்லை, நான்காம் நாள் அவன் மனைவி டார்கஸ் கவுனைத் துவைத்து மடித்து, மேலே ஒரு கேக்கையும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கெசையா கவுனைப் பெட்டிக்குள் வைத்தாள். கேக்கை வாத்துக்களுக்குப் போட்டாள். வேறொன்றும் செய்யவில்லை. குடும்பத்துக்குள் நடந்ததை வெளியே சொல்வதா என்று இருந்துவிட்டாள்.

ஆல்டன்மில் ஜெயித்தது. அந்தக் கவுண்டியில் மொத்தம் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்களோ அதைவிட அதிகம் ஓட்டு விழுந்திருந்தது. மாநிலமே காறித் துப்பியது. ஊருக்கு நீதிமன்றம் வாங்கித் தந்தவன் என்று எலிஹுவை அக்டோபரில் சட்டசபைக்கு நிறுத்தினார்கள். அவன் அண்ணியிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிப்ரவரியில் செய்தது தப்புதான், அங்கே போனால் உங்களைப் போன்றவர்களுக்காகப் பேசுவேன், அசரியா அண்ணன் இருந்தால் எனக்குத்தானே போடச் சொல்லுவார் என்றான். கெசையா நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு போய் அவனுக்கே ஓட்டுப் போட்டாள். அதுதான் அவள் வாழ்நாளின் கடைசி ஓட்டு.

நவம்பர் நடுவில் டிரென்டன் நகரத்தில் சட்டசபை கூடி, பிப்ரவரி மோசடி மறுபடி நடக்காமல் இருக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. மோசடி செய்தவர்களில் ஒருவனைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. இனிமேல் பெண்கள் ஓட்டுப் போட வேண்டாம், கறுப்பர்கள் போட வேண்டாம் என்று இருந்தது. வரி கட்டிய வெள்ளை ஆண் யாராக இருந்தாலும், கையில் காணி இல்லாவிட்டாலும் போடலாம் என்றும் இருந்தது. கெசையாவின் தோட்டத்தில் கூலிக்கு ஆப்பிள் பொறுக்கிய, வருடம் முழுதும் போதை தெளியாத ஹிராம் அதன்படி ஓட்டுக்காரன் ஆனான். தோட்டத்துச் சொந்தக்காரி ஓட்டில்லாதவள் ஆனாள். சட்டத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். எலிஹு எழுந்து நின்றான். நின்றபோது அவன் உடம்பில் நீலக் கவுன் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னபடி, முன்பு இல்லை, பிறகு இருந்தது, அவ்வளவுதான். அவைத்தலைவர் அவனையும் சேர்த்து எண்ணிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அது கோழித் திருட்டைப் பற்றியது.

அதே பிற்பகலில் முப்பது மைல் தள்ளி கெசையா குளிருக்குப் போர்வை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். கவுன் இருந்த இடத்தில் எலிஹுவின் பழுப்புக் கோட்டும் கால்சட்டையும் நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. புகையிலை வாசனை வந்தது. கோட்டுப் பையில் பாதி தின்ற இஞ்சி ரொட்டி இருந்தது. அவள் போர்வையை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினாள்.

மூன்று நாள் கழித்து அவன் நதியைக் கடந்து வந்தான். படகு தள்ளியவர் ப்ரைமஸ். கறுப்பர், அறுபது வயது, படகும் படகுத்துறையும் அவருடைய சொந்தம், பத்து வருடமாக வரிசையில் கெசையாவுக்குப் பின்னால் நின்று ஓட்டுப் போட்டவர். கவுனைப் பார்த்து அவர் எதுவும் கேட்கவில்லை. பாவாடை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாராம். எலிஹு இறங்கிப் போன பிறகு, கரையில் துணி அலசிக்கொண்டிருந்த கெசையாவிடம் வந்து சொன்னார்:

"பாவாடை கட்டிக்கிட்டு ஆறு ஓட்டு போட்டது அவரு. சரி. பாவாடை கட்டுறவங்களுக்குத் தண்டனை குடுத்தாங்க, அதுவும் சரின்னு வைங்க. எனக்கு எதுக்கும்மா? நான் கட்டவே இல்லையே."

அவருடைய குரலில் சிரிப்பு இருந்தது, துடுப்பை இறுக்கிப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது. அந்த நாடாக்களைக் கட்டியது தன் கை என்று அவரிடம் சொல்லிவிட நினைத்தாள். சொல்லவில்லை. வாழ்க்கையில் அவள் வெட்கப்பட்ட மௌனங்களில் அது இரண்டாவது, பிப்ரவரியில் எழுத்தரிடம் உண்மையைச் சொல்லாதது முதலாவது.

வீட்டில் எலிஹு காத்திருந்தான். கவுனைப் பற்றிப் பேசும் முன் அவள் சட்டத்தைப் பற்றிக் கேட்டாள். ஏன் எழுந்து நின்றாய் என்றாள். அவன் சலித்துக்கொண்டான்.

"பொம்பளைங்க பேர்ல மோசடி நடந்துச்சுன்னு ஊர் உலகமே பேசுது. ஏதாவது பண்ணித்தானே ஆகணும்? இதுல உங்களுக்கு என்ன அண்ணி போச்சு? தோட்டம் இருக்கு, வீடு இருக்கு. பழகிடும்."

பழகிடும் என்று சொன்னபோது அவன் குரல் கனிவாகத்தான் இருந்தது. அந்தக் கனிவுதான் அவளுக்குள் போய் எரிந்தது. பிறகு அவன் முதுகைக் காட்டி, இந்த எழவை அவிழ்த்துவிடுங்கள் என்றான். ஐந்தும் அவள் முடிச்சுகள், மூட்டை முடிச்சுகள். அவள் தன் கை ஈரமாக இருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்குப் போய் டார்கஸை அவிழ்க்கச் சொல்லும்படி அனுப்பினாள்.

டார்கஸின் நகம் உடைந்தது. தையற்காரர் கத்தரி வைத்தார். துணி வெட்டுப்பட்டது, கத்தரியை எடுத்ததும் தண்ணீர்போல மூடிக்கொண்டது. கொல்லர் இடுக்கியோடு வந்து முயன்றுவிட்டு, கூலி வாங்க மனமில்லாமல் ஒரு குவளை ஆப்பிள் பிராந்தி மட்டும் குடித்துவிட்டுப் போனார். கவுன் அழுக்கானால் அவன் அதோடு ஆற்றில் இறங்கினான், வெயிலில் நின்று காய்ந்தான். அவன் பருத்தபோது அதுவும் பருத்தது. மேலே கோட்டுப் போட்டால் அரை மணி நேரத்தில் கோட்டு நழுவித் தரையில் கிடந்தது. முதல் வருடம் ஊர்ப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். இரண்டாம் வருடம் பெண்கள் அவனுக்குச் சேற்றில் பாவாடையை எப்படிப் பிடிப்பது, குதிரையில் ஒருபக்கமாக எப்படி உட்காருவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் வருடம் அது பேச்சிலிருந்தே போய்விட்டது. அந்த வருடம் ஆப்பிள் சாறு பீப்பாய் ஒரு டாலருக்கு விற்றது. அதைத்தான் எல்லாரும் பேசினார்கள்.

சட்டம் மட்டும் மறக்கவில்லை. 1808 அக்டோபரில் எலிஹு சத்திரத்துக்கு ஓட்டுப் போடப் போனான். தேர்தல் அதிகாரி புதியவர், கறாரானவர், பாவாடை எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. எலிஹு தன் பெயரைச் சொன்னான், தாடியைக் காட்டினான், இந்தச் சட்டத்துக்கு எழுந்து நின்றவர்களில் நானும் ஒருவன் என்றான். அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படியானால் உங்களுக்குச் சட்டம் நன்றாகத் தெரிந்திருக்குமே என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்தவன் ஹிராம். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டான். எலிஹு ஆறு ஓட்டுப் போட்டு வாங்கித் தந்த நீதிமன்றத்தில் அவனை ஜூரியாக உட்காரவிடவில்லை. மில்லில் ஒரு பங்கை விற்கப் பத்திரம் எழுதியபோது, பாவாடைக்குள் இருப்பவர் கையெழுத்துச் செல்லாது என்று மூத்த மகன் கையெழுத்தைக் கேட்டார்கள். அன்று நீதிமன்றப் படியில் உட்கார்ந்து அவன் அழுததாகச் சொல்வார்கள். அந்தப் படியில் அதே காரணத்துக்காக அதற்கு முன்பு அழுத பெண்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

விரலின் ரகசியம் கெசையாவுக்கு 1809 ஈஸ்டரில் தெரிந்தது. தேவாலயத்தில் எலிஹுவின் குடும்பம் அவளுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தது. போதகர் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் கண்ணெதிரே இரண்டாவது முடிச்சின் நுனி தொங்கியது. ஏன் என்று தெரியாமலே சுட்டுவிரலால் அதைத் தொட்டாள். அது உடனே, பெருமூச்சு விடுவதுபோல, அவிழ்ந்து விழுந்தது. எலிஹு கவனிக்கவில்லை, தூங்கிவிழுந்துகொண்டிருந்தான். இன்னும் நான்கு தொட்டால் முடிந்துபோகும். அவள் கை அங்கேயே நின்றது. ஓபெட்டின் கையில் இருந்த சீவல் வாசனை நினைவுக்கு வந்தது. வெளுத்துப்போன ப்ரைமஸின் கை நினைவுக்கு வந்தது. பிறகு அவள் இரண்டு கையாலும் நாடாவை எடுத்து, நிதானமாக, முன்பைவிட ஒரு சுற்று அதிகம் சுற்றி இறுக்கிக் கட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில் தான் கெட்டவளோ என்று யோசித்தாள். அந்தக் கேள்வியை முழுதாக, உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அது அவளை உறுத்தவில்லை. உறுத்தாததைப் பற்றித்தான் சில வருடம் கவலைப்பட்டாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். கோபம் அவளுக்குள் ஒரு வீட்டுப் பூனையைப் போல இருந்தது. வேளாவேளைக்கு எழுந்து வரும், கொஞ்சம் தின்னும், மறுபடி சுருண்டுகொள்ளும். அது போய்விட்டால் வீட்டில் வேறு யாரும் இல்லை.

ப்ரைமஸ் 1815 கடைசியில் இறந்தார். எட்டு அக்டோபர்களும் சத்திரத்து வாசலுக்கு எதிரில், தெருவின் அந்தப் பக்கம், நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு மாலை வரை நின்றுவிட்டுப் போனார். கெசையாவும் போய்ப் பக்கத்தில் நிற்பாள். இருவரும் பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளமாட்டார்கள். நாடாக்களைக் கட்டியது யார் என்பதை மட்டும் ஆறாவது அக்டோபரில் ஒருவழியாகச் சொன்னாள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, நல்ல முடிச்சும்மா என்றார்.

இப்போது 1820 அக்டோபர், தேர்தல் நாள். எலிஹு கணப்பு முன்னால் நிற்கிறான். டார்கஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். புதிய போதகர் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். இங்கே வரலாம் என்ற யோசனை அவருடையதுதான்: உடைமையின் சொந்தக்காரி மனமுவந்து தொட்டால் கட்டு அவிழலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மன்னிப்பைப் பற்றி அவர் நீளமாகப் பேசினார். பதின்மூன்று வருடம் ஒரு மனிதனுக்குப் போதுமான தண்டனை இல்லையா என்று கேட்டார். கெசையா மேசைமேல் ஆப்பிள்களை வகைபிரித்துக்கொண்டே கேட்டாள், நல்லது இந்தக் கூடைக்கு, அடிபட்டது பிழிவதற்கு. சட்டத்துக்கும் பதின்மூன்று வயதுதான். அதைப் போதும் என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள்.

டார்கஸ் தயங்கிச் சொன்னாள். "அக்கா, அவருக்கு நெஞ்சுவலி வந்திருக்கு. வைத்தியர் இந்தக் குளிரைத் தாண்டமாட்டார்ங்கிறார்."

எலிஹு திரும்பினான். அவன் முகம் மெலிந்திருந்தது. கவுனும் அவனோடு மெலிந்திருந்தது.

"அண்ணி, வேற எதுவும் கேக்கல. இன்னைக்கு ஒரே ஒரு தடவ உள்ள போய் என் பேரைச் சொல்லி ஓட்டுப் போட்டுட்டு வந்துர்றேன். அப்புறம் செத்தாலும் பரவால்ல. வாசல்ல நிக்கவெச்சுப் போன்னு சொல்றது எப்பிடி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

தான் சொன்னது என்னவென்று அவனுக்கே புரிய ஒரு நொடி ஆனது. டார்கஸ் தரையைப் பார்த்தாள். அவளுக்கு எந்தக் காலத்திலும் ஓட்டு இருந்ததில்லை.

அவன் மெல்ல முதுகைத் திருப்பிக் காட்டி நின்றான். ஐந்து முடிச்சு. இரண்டாவது மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமன். கெசையா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவன் பின்னால் போய் நின்றாள். கை ஈரமாக இல்லை. கம்பளி இன்னும் நல்ல நிலையில்தான் இருந்தது. கழுத்துப் பக்கம் அவள் அன்று போட்ட சிறிய தையல்கள் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நல்ல துணியாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தாள். கவுனின் தோளில் ஒட்டியிருந்த மாவுத் தூசியை, நாடாக்களில் படாமல், இரண்டு முறை தட்டிவிட்டாள்.

"பழகிடும், எலிஹு" என்றாள், கனிவாகவே.

பிறகு மேசைக்குத் திரும்பி ஆப்பிள்களை எடுத்தாள். போதகர் தொப்பியை அணிந்துகொண்டார். டார்கஸ் எழுந்து வந்து, வெளியே சேறாக இருந்ததால், புருஷனின் பாவாடையை ஒருபக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். கெசையா சத்திரத்துக்கு எதிரில் போய் நிற்பதற்காக நல்ல சால்வையைத் தேடி எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.